லேப் எக்ஸாமில் பஸ்ஸர் சத்தம் கேட்டால் 50, 10, 3

எம்பெடட் சிஸ்டம்ஸ் லேப் எக்ஸாமில் எனக்கு விழுந்த கேள்வி இது: அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் பஸ்ஸர் இணைத்து, பட்டனை அழுத்த அழுத்த சத்தம் மூன்று படியாகக் கூட வேண்டும். டூட்டி சைக்கிளை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பின் 5 வோல்ட்டில் இருக்கும் நேரத்தின் பங்கை, 33, 66, 100 சதவீதம் என்று போட்டேன். முதல் அழுத்தலில் சத்தம் வந்தது. இரண்டாவதிலும் அதே சத்தம்தான். மூன்றாவதில் பஸ்ஸர் ஊமையாகிவிட்டது. ஒயர்மேல் சந்தேகப்பட்டு, பிரெட்போர்டில் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியதிலேயே இருபது நிமிடம் போய்விட்டது.

எல்.ஈ.டி.க்குப் படித்த கணக்கை பஸ்ஸருக்குப் போட்டதுதான் தவறு. எல்.ஈ.டி.யில் டூட்டி கூடக் கூட வெளிச்சம் கூடும். பஸ்ஸரின் தகடோ மின்னழுத்தம் மாறும்போதுதான் அசையும். 100 சதவீதத்தில் பின் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. வளைந்த தகடு வளைந்தபடியே இருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? 180 டிகிரியை டூட்டியால் பெருக்கி சைன் எடுங்கள், அடிப்படை அதிர்வெண்ணின் வீச்சு அந்த அளவில்தான் போகும். 50 சதவீதம் உச்சம், தாண்டினால் இறக்கம். 33 என்பது ஏறத்தாழ 60 டிகிரி, 66 என்பது 120. இரண்டுக்கும் சைன் ஒன்றே என்று பிளஸ் டூவிலேயே படித்திருக்கிறோம்!

அடுத்தது காது. டூட்டியை 50-லிருந்து 25-க்குக் குறைத்தாலும் 3 டெசிபல்தான் இறங்கும், கேட்பவருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சத்தம் பாதியானதாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் இறங்க வேண்டும். அதனால் 3, 10, 50 என்று ஏற்றுங்கள். படிக்குப் படி அந்த 10 டெசிபல் கிடைக்கும். குறைந்த டூட்டியில் ஒலி சற்றுக் கீச்சென்று இருக்கும், பயப்படாதீர்கள்.

அர்டுயினோவின் டோன் ஃபங்ஷனை நம்ப வேண்டாம், அது எப்போதும் 50 சதவீதம்தான் தரும். டைமர் 1-ஐ மோட் 14-ல் (எண்ணிக்கையின் உச்சத்தை ஐசிஆர்1 ரெஜிஸ்டரில் நாமே தரும் முறை), பிரீஸ்கேலர் இல்லாமல், அதாவது கிளாக் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் ஐசிஆர்1-க்கு 3999 கொடுத்தால் 4000 ஹெர்ட்ஸ். டூட்டியைத் தீர்மானிக்கும் ஓசிஆர்1ஏ ரெஜிஸ்டருக்கு 119, 399, 1999. வெளியீடு 9-ஆம் பின்னில். சத்தத்தை நிறுத்த ஓசிஆர்1ஏ-க்கு 0 போட்டால் போதாது, ஒரு கிளாக் அகலத்துக்குச் சின்ன பல்ஸ் வந்துகொண்டே இருக்கும். பின்னை டைமரிலிருந்து துண்டித்து லோ ஆக்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், கையில் தந்த பஸ்ஸரை 5 வோல்ட்டில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். தானாகவே கத்தினால் அது ஆக்டிவ் வகை, உள்ளேயே ஆசிலேட்டர் இருக்கிறது. இந்தக் கணக்கு அதனிடம் செல்லாது, உடனே மாற்றிக் கேளுங்கள். ‘டிக்’ என்று மட்டும் வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டூட்டியை 90 வைத்தால்?” அன்று நான் தடுமாறினேன். 10-ல் வரும் அதே சத்தம்தான் வரும்.