சொந்தக் காட்டு விறகு: வெட்டும் முன்னும் பின்னும்

சிறு காடு வைத்திருப்பவர்களுக்கு விறகு என்றதும் கோடாலிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காட்டில் ஆண்டுக்கு எவ்வளவு மரம் கூடுகிறதோ, அதற்குள் வெட்டு அடங்க வேண்டும். மிஞ்சினால் நாம் எரிப்பது வட்டியை அல்ல, முதலை.

வெட்டிய பின் துளிர்க்கும் மரங்கள் என்றால் வேலை எளிது. பத்தாண்டுச் சுற்று வைத்துக் காட்டைப் பத்துப் பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கு வெட்டலாம். அடிக்கட்டையைத் தாழ்வாக, சற்றுச் சரிவாக, பட்டை கிழியாமல் விட வேண்டும். மேலே தண்ணீர் தேங்கினால் கட்டை அழுகிவிடும். முதல் இரண்டு ஆண்டு ஆடு மாடு உள்ளே நுழையக் கூடாது, துளிரை மொட்டையடித்துவிடும். ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் துளிர்க்காது. அங்கே வளைந்ததையும் நெருக்கத்தில் நோஞ்சானாக நிற்பதையும் கழித்து எடுப்பதுதான் முறை. இலையும் மிலாறும் காட்டிலேயே கிடக்கட்டும், மண்ணுக்கான சத்து அவற்றில்தான் அதிகம்.

இனி ஈரம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்த ஒரு கிலோவை அப்படியே எரித்தால் சுமார் 8 மெகாஜூல் வெப்பம். அதையே 20 சதவீத ஈரம் வரை காயவிட்டால் எடை 625 கிராமாகக் குறையும், வெப்பம் 9 மெகாஜூலுக்குச் சற்று மேல் போகும். வித்தியாசம் இவ்வளவுதானா என்று தோன்றும். உண்மையான நஷ்டம் இந்தக் கணக்கில் தெரியாது. சூடேறும்போது மரத்தின் பெரும்பகுதி வாயுவாகப் பிரிகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். ஈர விறகு அடுப்பின் சூட்டைக் குறைப்பதால் வாயு எரியாமலே புகையாக வெளியேறி, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும்.

ஆகவே வெட்டியதும் பிளந்துவிடுங்கள். பட்டை மூடிய உருட்டுக்கட்டை உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். நீளம் 30 முதல் 40 சென்டிமீட்டர், கனம் 10 சென்டிமீட்டர் அளவில் போதும். பச்சையாக இருக்கும்போதே பெரும்பாலான மரங்கள் சுலபமாகப் பிளக்கும். காய்ந்து இறுகியபின் கணு உள்ள கட்டைக்கு ஆப்பு அடிக்க வேண்டிவரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றுப் படும் பக்கமாக அடுக்குங்கள். கூரை மேலே மட்டும் போதும். நான்கு பக்கமும் தார்ப்பாய் போர்த்துவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய தவறு, உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும். வைரம் பாய்ந்த கனமான மரத்துக்கு இரண்டு ஆண்டு கூட ஆகலாம்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பச்சை 'தொப்' என்னும். நுனியில் விரிசல் கதிர்போல ஓடியிருக்கும். ஈரமானி இருந்தால் ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள், வெளிப்புறம் எப்போதும் பொய் சொல்லும். பல கருவிகள் மொத்த எடையை அல்ல, தண்ணீர் நீங்கிய மரத்தின் எடையை வைத்துக் காட்டுவதால், மேலே சொன்ன 20 சதவீதம் அவற்றில் 25 என்று வரும்.

விற்பதானால் எடைக்கு விற்காதீர்கள். வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார். கனமீட்டருக்கு விற்றால் அடுக்கியதா, கொட்டியதா என்று சொல்லிவிடுங்கள். நன்றாக அடுக்கிய ஒரு கனமீட்டரில் மரம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கொட்டியதில் பாதிகூட இருக்காது.

சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள், ஓரிரு நாள் கழித்தும் உள்ளே தணல் இருக்கும். நன்றாக ஆறியபின் வெட்டிய பங்கில் மெல்லிசாகத் தூவலாம். சாயம் பூசிய பலகை எரித்த சாம்பல் மட்டும் வேண்டாம். அந்தப் பலகையை அடுப்பிலேயே வைக்கக் கூடாது.