ஓசியில் ஒரு ஓப்பரா, நடுவில் ஊமத்தை

புதுச்சேரியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிற சிநேகிதி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி, "நாலு நாள்ல எடுத்துடுவாங்க, அதுக்குள்ள பாத்துடு, உங்க ஊர்ப் பூவெல்லாம் வருது" என்று மட்டும் எழுதியிருந்தாள். திறந்தால் 'லக்மே'. வசனத்தைப் பாட்டாகவே பாடி நடிக்கிற ஐரோப்பிய இசை நாடகம்தான் ஓப்பரா. மேடையில் நடந்த முழு ஓப்பராவின் வீடியோ, காசு கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. லியோ டெலிப் இசையமைத்து 1883 ஏப்ரல் 14 அன்று பாரிசின் ஓப்பரா கொமீக் அரங்கில் முதலில் மேடையேறியது. வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் நடக்கிற கதை. கோயில் ஐயரின் மகளுக்கும் ஆங்கிலேயச் சிப்பாய் அதிகாரிக்கும் காதல், அப்பாவுக்குக் கோபம், மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஞாயிறு ராத்திரி டிவியில் போட்டேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். நாயகி லக்மேயின் தோழி பெயர் மல்லிகா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஆற்றங்கரையில் பூப்பறிக்கப் போகிறார்கள், பாட்டின் முதல் வரியே மல்லிகைப் பந்தல்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரத்தில் வந்த மெட்டு என்பதால் காதில் விழுந்தவுடனே உங்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு குரல் கொடி மாதிரி இன்னொன்றைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. அம்மா கேட்ட முதல் கேள்வி, "மைக் எங்கடா?" கிடையாதும்மா, இத்தனை வாத்தியத்துக்கும் மேல வெறும் தொண்டைதான் என்றேன். நம்பவில்லை. அப்புறம் கேமரா கிட்டே போனதும் நம்பினாள், ஏனென்றால் உச்ச ஸ்தாயி பிடிக்கிறபோது அந்தப் பெண்ணின் தாடை நடுங்குவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் அப்படியே தெரிகிறது. பாரிசில் டிக்கெட் வாங்கி மாடி வரிசையில் உட்கார்ந்தவருக்கு இது தெரிந்திருக்காது. ஓசியில் பார்த்த எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாம் அங்கத்தில் ஒரு மணிப் பாட்டு. மகளைக் காதலிக்கிறவன் யாரென்று கண்டுபிடிக்க அப்பன் அவளைச் சந்தை நடுவே நிறுத்திப் பாடவைக்கிறான், குரலைக் கேட்டால் அவன் தானாக வெளியே வருவான் என்று. சொல்லே இல்லாமல் மணியோசையைத் தொண்டையிலேயே காட்டவேண்டும். வித்தை என்றால் வித்தைதான், நான் ரீவைண்ட் பண்ணி மூன்று தடவை கேட்டேன். ஆனால் பாட்டில் உள்ள கதைதான் சங்கடம். காட்டில் விலங்குகளிடம் மாட்டிக்கொண்ட ஒருவனை ஒரு பெண் மணியடித்துக் காப்பாற்றுகிறாள், அவன் பார்த்தால் விஷ்ணு, 'பிரம்மாவின் மகன்'! திருவந்திபுரம் தேவநாத சுவாமியைக் கும்பிடுகிற வீட்டில் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அதைவிடச் சங்கடம், காப்பாற்றுகிற பெண்ணை அவர்கள் 'பாரியா' மகள் என்கிறார்கள். பறையர் என்ற நம் ஊர்ச் சாதிப் பெயர்தான் கப்பலேறிப்போய், ஒதுக்கிவைக்கப்பட்டவர் என்ற அர்த்தத்தில் ஐரோப்பிய மொழிகளில் குடியேறிவிட்டது. இசை அத்தனை இனிமை, சொல் இப்படி. "யாரைப் பத்திடா பாடுறா?" என்று அம்மா கேட்டபோது "ஒரு ஏழைப் பொண்ணு" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

அங்கேயே கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டில்தான் அம்மாவுக்கு 1838 கதையைச் சொன்னேன். இங்கே நம் கெடிலக்கரைத் திருவந்திபுரத்திலிருந்து ஆடும் பெண்கள் சிலரும் வாத்தியக்காரர்களும் புதுச்சேரியில் பேசி முடித்த ஒப்பந்தத்தின்பேரில் பிரான்சுக்குப் போய் பாரிஸ் மேடையில் ஆடினார்கள். அவர்களில் ஒருத்தி அமணி, அம்மணியாக இருக்கும். அவளைப் பார்த்து பார் என்ற சிற்பி வெண்கலத்தில் சிலை செய்தார். இதற்கு எட்டு வருஷம் முன்பே பாரிசில் கோயில் நடனப்பெண்ணை வைத்து ஒரு ஓப்பரா போட்டாகிவிட்டது. அசலைப் பார்க்காமலே நகல் செய்துவிட்டு, அசல் வந்து நின்றபோது டிக்கெட் போட்டுப் பார்த்தார்கள். 'லக்மே' அதற்கும் 45 வருஷம் பிந்தியது, ஆனாலும் சிப்பாயைத் தவிர எல்லாரும் கனவில் நடப்பவர்கள் போலத்தான் இருக்கிறார்கள். அம்மா முழுசும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுங்க அங்க சோத்துக்கு என்னடா பண்ணாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கரண்ட் வந்தது. மூன்றாம் அங்கம் இழுவை, அதையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக் குடிசை, காயம்பட்ட காதலன், கடமையா காதலா என்று அவன் தடுமாற்றம். அம்மா தூங்கப்போகிற நிலைமையில் இருந்தாள். அவன் மனசு படையின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று புரிந்ததும் லக்மே செடியிலிருந்து பிய்த்து வாயில் போட்டு மெல்லுகிறாள். என்ன செடி என்று அம்மா கேட்டாள். ஊமத்தை என்றேன். எங்கள் கொல்லைச் சுவரோரம் வருஷம் பூரா முளைப்பது, பிடுங்கிப் பிடுங்கி அலுத்தது.

லக்மே இன்னும் பாடிக்கொண்டிருந்தாள், அதுவும் இழுத்து, நிதானமாக. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஊமத்தையத் தின்னா மொதல்ல தொண்டைதானடா வறளும். இவ எப்படிப் பாடுறா?"