இடது கைச் சிலுவை

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்

வலது கையில் முழங்கை வரை கட்டு. போன மாதக் கடைசியில், காசிமேட்டில் ஓடிக்கொண்டிருந்த விசைப்படகு எஞ்சினில் கையை விட்டேன். பெல்ட்டில் சட்டை சிக்கி மணிக்கட்டு எலும்பு முறிந்தது, இரண்டு விரல்களுக்குத் தசைநார் அறுந்தது. நிறுத்திவிட்டுத் தொட வேண்டும் என்று என்னிடம் மெக்கானிக் வேலை பழகும் பையனுக்கு இருபது தடவை சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பழைய பிடிமானம் வருமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலை ஃபாதர் நெற்றியில் பூசினார். இடது கையால் சிலுவை அடையாளம் போட்டேன். எங்கள் ஆயா பார்த்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 14

அன்பியத்திலிருந்து, அதாவது எங்கள் கோயிலின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக்குழுவிலிருந்து, ஏழு பேர் வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், செபமாலை. கிளம்பும்போது ஒரு அக்கா, "ஆண்டவர் தாம் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார் தம்பி" என்றார். இந்த வாரத்தில் இது நான்காவது தடவை.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பதினொரு வருடமாக அன்பியப் பொறுப்பாளராக வீடு வீடாகப் போய் அதையே சொன்னவன் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, படகும் வலையும் கறுப்பாகிப் போன ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதே வசனத்தைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் டீ கொண்டுவந்து கொடுத்தார். இன்றைக்கு நானும் அந்த அக்காவுக்கு டீ போடச் சொன்னேன்.

மார்ச் 23. தவக்காலம் மூன்றாம் ஞாயிறு

லூக்கா 13. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டு பேரைப் பற்றி இயேசு பேசுகிற இடம். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா, இல்லை என்கிறார். அப்படியானால் கோபுரம் ஏன் விழுந்தது? அதை அவர் சொல்வதில்லை. மனம் மாறுங்கள் என்று நம் பக்கம் திரும்பிவிடுகிறார். முன்பெல்லாம் இந்த இடம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்தத் தடவை ஆறுதலாக இருந்தது.

அடுத்து அந்த அத்திமரம். மூன்று வருடமாகக் காய்க்காததை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரர் இன்னும் ஒரு வருடம் கேட்கிறார், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று. மண்வெட்டி இறங்குவது வேருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. காய்த்ததா என்பதும் கதையில் இல்லை.

ஏப்ரல் 10

வீட்டுக்காரி விடியற்காலை ஏலத்துக்குப் போய்க் கூடையில் மீன் எடுத்து விற்கிறாள். கிளம்புமுன் என் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுகிறாள். "கையை நீட்டுங்க" என்பாள், நீட்டுவேன். மேல் பட்டனுக்கு வரும்போது மோவாயைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். நாற்பத்தெட்டு வயது.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கரையில். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று நிறுத்திவைக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமானம் இல்லாத நாட்கள். மெக்கானிக்குக்கு இதுதான் சீசன், எல்லா எஞ்சினும் இப்போதுதான் பிரிப்பார்கள். என் சீசன் போச்சு.

பையன் தனியாக இரண்டு எஞ்சின் பார்க்கிறான். ஓனர் ஒருவர், "உங்க பையன் கை நல்லா சுத்தமா இருக்கு" என்றார். இரவு தூக்கம் வரவில்லை. வலி காரணமில்லை.

ஏப்ரல் 16

நேற்று விட்டதை எழுதிவிடுகிறேன். பம்ப்புக்கு டைமிங் வைக்கும்போதெல்லாம், அதாவது சிலிண்டருக்கு டீசல் எப்போது போக வேண்டும் என்று சரிசெய்யும்போதெல்லாம், பையனை டீ வாங்க அனுப்பிவிடுவேன். ஆறு வருடமாக. முதல் சிலிண்டர் பைப்பைக் கழற்றி, ஃப்ளைவீலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், டீசல் சொட்டு நிற்கிற ஒரு இடம் வரும். அதைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவன் டீயோடு வரும்போது பைப்பை மாட்டி முடித்திருப்பேன். இந்த ஆறு வருடத்தில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி எத்தனை பாவசங்கீர்த்தனம். ஒன்றில்கூட இதைச் சொன்னதில்லை, பாவம் என்றே தோன்றியதில்லை.

இன்று சொன்னேன். பெரிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பின்னால் வரிசை நீளம், ஃபாதர் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி

கோயிலில் கஞ்சி. இடது கையில் ஸ்பூன், பாதி சட்டையில்.

ஏப்ரல் 20. ஈஸ்டர்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

ஏப்ரல் 21

போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். 88 வயது. நேற்றுதான் மாடத்தில் சக்கர நாற்காலியில் வந்ததை டிவியில் பார்த்தோம். இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு நிறுத்திக்கொண்டார், செய்தியை வேறொருவர் வாசித்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 29

பையனுக்கு டைமிங் சொல்லிக்கொடுத்தேன். மனம் திருந்தி என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், ஓனர் அவசரப்படுத்தினார், என் கையால் ஃப்ளைவீலைத் திருப்ப முடியவில்லை. "மெதுவா... இன்னும் மெதுவா... நில்லு." சொட்டு நின்றது. இரண்டாம் தடவை நான் வாயைத் திறக்குமுன் அவனே நிறுத்தினான். நெஞ்சில் ஏதோ பிடுங்கியது போலவும் இருந்தது, இறக்கிவைத்தது போலவும் இருந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

மே 4

யோவான் 21. ராத்திரி முழுக்க வலைபோட்டு ஒன்றும் கிடைக்காத கதை. ராயபுரத்துக்காரனுக்கு இது ஊர்க்கதை. ராயப்பர் என்றால் பேதுருதானே, பேட்டைக்கே அவர் பெயர்தான். 153 மீன் கணக்கு எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். கடைசி வரிகளை மட்டும் இத்தனை வருடம் காதில் வாங்கியதில்லை. இளைஞனாக இருந்தபோது நீயே உடுத்திக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், வயதானபின் கைகளை நீட்டுவாய், வேறொருவர் உனக்கு உடுத்திவிடுவார் என்று பேதுருவிடம் இயேசு சொல்கிறார். சொல்லிவிட்டு, என்னைப் பின்தொடர் என்கிறார்.

வீட்டுக்காரி பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என் சட்டையைப் பார்த்தாள்.

ஜூன் 14

நள்ளிரவோடு தடை முடிகிறது. துறைமுகம் முழுக்க ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் வாசனை. விரல்கள் பாதி மடங்குகின்றன, ஸ்பேனர் நிற்கவில்லை. கடைசிப் போட்டில் எஞ்சின் இடித்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். மூன்றாவது சிலிண்டர். சொல்வதற்குள் பையன் அந்த நட்டைத்தான் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"ண்ணா, டீ வாங்கியாரட்டா?" என்றான். பழக்கம்.

நீ பாரு, நான் போகிறேன் என்று இறங்கினேன். இடது கையில் இரண்டு கிளாஸ் பிடிக்கலாம். ஓனருக்கும் சேர்த்து மூன்று என்றால் கஷ்டம்தான்.