வால்வு ரேடியோவுக்குள் ஒரு குரல் உதவியாளர்

பழுதுபார்க்க வழியில்லாமல் போன ஒரு வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குள் குரல் உதவியாளர் ஒன்றைப் பொருத்தி முடித்திருக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களிடம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும் வசதியை விட்டுவிடுங்கள். பேண்ட் மாற்றும் விசைகள்தான் முகப்பில் வரிசையாக இருக்கின்றனவே! ஒன்றை அழுத்திக்கொண்டு பேசுங்கள், முடிந்ததும் விடுங்கள்.

செலவு குறைந்ததே இதனால்தான். நாள் முழுக்க ஒலியை அலசத் தேவையில்லாததால் 512 எம்பி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகையே போதுமானதாகிவிட்டது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே துணிக்குப் பின்னால் அருகருகே இருந்தும், ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா இருப்பதால் எதிரொலித் தொல்லை இல்லை. வீட்டுப் பேச்சையெல்லாம் பெட்டி ஒட்டுக்கேட்கிறதோ என்ற உறுத்தலும் இல்லை.

அந்த விசைகள் அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் வகை. உள்ளே அவற்றைப் பிடித்துவைக்கும் தகட்டைக் கழற்றியதும், விரலை எடுத்தவுடன் தானாக மேலே வந்துவிட்டன.

பெட்டியைத் திறப்பதில் மட்டும் அவசரம் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் காகிதக் கூம்பு தரும் இதமான குரல் புதிய சின்ன ஸ்பீக்கர்களில் கிடைக்காது. டிரான்ஸ்ஃபார்மரைத் துண்டித்துவிட்டு அளந்தால் மல்டிமீட்டர் 3.5 ஓம் காட்டியது. அப்படியென்றால் 4 ஓம் ஸ்பீக்கர் என்று கொள்ளலாம், மேக்ஸ்98357ஏ ஆம்ப்ளிஃபயருக்குச் சரியாகப் பொருந்தும். மிகப் பழைய ரேடியோக்கள் சிலவற்றில் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தச் சுருள் இருக்கும். அந்த வகை ஸ்பீக்கர் இதற்கு ஆகாது.

மைக்குக்கு ஐஎன்எம்பி441. இதுவும் ஆம்ப்ளிஃபயரும் கணினிப் பலகையின் ஜிபிஐஓ பின்களில் (வெளிக் கருவிகளை இணைக்கும் முனைகள்) 18, 19 ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும். மைக்கிலிருந்து ஒலி வருவது 20 வழியாக, ஆம்ப்ளிஃபயருக்குப் போவது 21 வழியாக. மைக்குக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுக்க வேண்டும். வால்யூம் குமிழைத் திருப்பும் அந்த இறுக்கம் எனக்குப் பிடிக்கும். ராஸ்பெர்ரி பையில் அனலாக் உள்ளீடு கிடையாது என்பதால், மாறும் மின்னழுத்தத்தை எண்ணாக்கித் தரும் எம்சிபி3008 சிப் ஒன்றைச் சேர்த்துப் பழைய குமிழையே வேலை செய்யவைத்தேன். டயல் விளக்கின் இடத்தில் மஞ்சள் எல்இடி வைத்தேன், விசை அழுந்தியிருக்கும்வரை எரியும்.

பேச்சை எழுத்தாக்குவது ராஸ்பெர்ரி பையால் ஆகிற காரியமில்லை. அது பதிவுசெய்து அனுப்புகிறது, ஓரமாகக் கிடந்த பழைய மடிக்கணினியில் ஓடும் விஸ்பர் மென்பொருள் எழுத்தாக்குகிறது. இணையம் தேவையில்லை. தமிழுக்கு அதன் மிகச் சிறிய வடிவமான டைனி மாடல் என் பேச்சைக் குதறிவிட்டது. 24.4 கோடி அளவுருக்கள் கொண்ட ஸ்மால் மாடலில் குறுகிய கட்டளைகள் தேறுகின்றன. எழுத்துப்பிழை வரத்தான் செய்கிறது, ஆனால் "விளக்கு", "மணி", "பாட்டு" மாதிரி முக்கியச் சொல் ஏறக்குறைய ஒத்துப்போனாலே நிரல் ஏற்றுக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன்.

பதில் சொல்லும் குரல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜி மென்பொருள் தமிழ் பேசும், ஆனால் இயந்திரம் பேசுவது அப்பட்டமாகத் தெரியும். என் ரேடியோ சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் என்பதால், அம்மாவைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்தேன். "ஏழு மணி", "பத்து நிமிடம்" என்று முழுத் தொடர்களாகவே எடுத்தால் ஒட்டு தெரியாமல் சேர்கிறது. மணிக்கு 12, நிமிடத்துக்கு 59, மொத்தம் 71 துண்டுகளில் எந்த நேரத்தையும் சொல்லிவிடலாம்.

ஸ்டேஷன் மாற்றும் குமிழ் இன்னும் சும்மாதான் சுற்றுகிறது. அது திருப்புவது மாறும் கெப்பாசிட்டரை, எம்சிபி3008-ஆல் அதை நேரடியாகப் படிக்க முடியாது. அதே அச்சில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மாறும் ரெசிஸ்டர்) ஒன்றை இணைத்து, முள் நகர நகர இணைய வானொலி நிலையங்கள் மாறும்படி செய்வதுதான் அடுத்த வேலை.