செட்டிநாட்டுக் குடும்ப வழியைத் தேடுகிறவர்களுக்கு: ஏடுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன?

குடும்ப வழி தேடுவதற்கு இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்காக எழுதியவை. "முதலில் சென்சஸைப் பாருங்கள்" என்றுதான் தொடங்கும். அங்கே அது சரி. 1850 முதல், அடிமைகள் நீங்கலாக, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். 72 ஆண்டு கழிந்ததும் ஏட்டைத் திறந்துவிடுகிறார்கள். 1950 கணக்கு 2022-இல் திறந்தாயிற்று. நகரத்தாரான (நாட்டுக்கோட்டைச் செட்டியாரான) நமக்கு அந்த வாசல் இல்லை. இந்தியாவின் 1948 சென்சஸ் சட்டப்படி வீட்டுவாரித் தாள் யார் பார்வைக்கும் வராது. கிடைப்பது ஊர்வாரி அட்டவணை மட்டும். ஆகவே நமக்கு ஆதாரம் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த ஏடு), பாகபத்திரம் (சொத்துப் பிரிவினைப் பத்திரம்), கோயில் புள்ளிக் கணக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு), மொய் நோட்டு இவைதான். இவை ஒன்றோடொன்று முட்டும்.

பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். ஊர், நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் எது, அதில் எந்தப் பிரிவு, என்ன விலாசம் (பெயருக்கு முன் வரும் குடும்ப முதலெழுத்துகள்) என்ற நான்கும் பொருந்தினால்தான் ஆள் அவர். இளையாத்தங்குடி, மாத்தூர் போன்ற பெரிய கோயில்களில் பிரிவு எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான். மணமக்கள் இருவருக்கும் ஒரே கோயில், ஒரே பிரிவு என்று உங்கள் வரைபடத்தில் வந்தால் எங்கோ ஆள் மாறியிருக்கிறது. அவர்கள் பங்காளிகள்; பங்காளிக்குள் சம்பந்தம் கிடையாது. பிள்ளையார்பட்டிக் கோயிலாருக்கும் இரணியூர்க் கோயிலாருக்கும் இடையிலும் கிடையாது.

அதிகம் ஏமாற்றுவது ஐயா (தாத்தா) பெயர். மூத்த மகனுக்கு அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு ஆத்தாவை (அம்மாவை) பெற்றவர் பெயர். எனவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர், பல சமயம் தகப்பன் பெயரும் அதே. இதோடு தமிழ் ஆண்டும் சேர்ந்துகொள்ளும். விரோதி வருஷம் என்றால் 1889-90ஆ, 1949-50ஆ? ஐயாவுக்கும் பேரனுக்கும் இடையே ஏறக்குறைய அறுபது வருஷம் வருவது சாதாரணம். முத்தையா மகன் சாத்தப்பனுக்கு விரோதியில் கல்யாணம் என்ற ஒரே வாசகம் இருவருக்கும் பொருந்திவிடும்.

இதைப் பிரிக்கக் கிழமை போதும். அறுபது ஆண்டு தள்ளி அதே தமிழ் மாதம், அதே தேதி வரும்போது கிழமை 5 அல்லது 6 நாள் தள்ளிப் போயிருக்கும். அதே கிழமை விழாது. ஏட்டில் கிழமை இருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் இரண்டு ஆண்டையும் பாருங்கள், ஒன்று தானாகக் கழன்றுவிடும். தேதியைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௰௨ என்பது 12. அதை 102 என்று படித்தவர்கள் உண்டு. ௨௰௫ என்றால் 25. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஊர்ப் பெயரை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

விலாசத்தைத் தமிழ் எழுத்தில் தேடுங்கள். மெ., முத்., மா. மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகச் சுருங்கிவிடும். மெ.ராம. என்ற வீடு பாகம் பிரிந்தால் மெ.ராம.மெ., மெ.ராம.சுப. என்று எழுத்து கூடும். எழுத்து கூடிய காலமும் பாகபத்திரத்தின் காலமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரங்கூன், பினாங்கு ஆவணங்களில் விலாசத்துக்குப் பின்னால் ஒரு பெயர் வந்தால் அவரை முதலாளி என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் மேலாள், முதலாளிக்காக அங்கே கடை நடத்துகிறவர். அதிகாரப் பத்திரம் பெற்று மூன்று வருஷக் கணக்குக்கு (தவணைக்கு) போனவர். பங்காளியாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். அடுத்த கணக்கில் பெயர் மாறி, விலாசம் மாறாமல் நின்றால் அவர் ஆளாகப் போனவர் என்று கொள்ளலாம்.

புள்ளிக் கணக்கைத் தலைக்கணக்கு என்று நினைப்பது அடுத்த தவறு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி; ஒருவர் தவறிவிட்டால் அரைப்புள்ளி; மணமாகாத பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். எட்டுப் பேர் இருக்கும் வீடு ஒன்றரைப் புள்ளியாக நிற்கும். சென்சஸோ அடுப்பை வைத்து எண்ணும். கல்யாணமானவர்களை வேறு வைத்துவிட்டால் (தனிச் சமையல் வைத்துவிட்டால்) ஒரே வளவுக்குள் (வீட்டுக்குள்) நாலு அடுப்பு, நாலு குடும்பம். இரண்டு எண்ணும் சரிதான், கேட்ட கேள்விதான் வேறு.

ஒருவருக்கு இரண்டு தகப்பன் பெயர் வந்தால் முதலில் பிள்ளைகூட்டியிருக்கிறார்களா (தத்து எடுத்திருக்கிறார்களா) என்று விசாரியுங்கள். மஞ்சள்நீர் சுவீகாரத்துக்குப் பிறகு எழுதிய ஏடுகளில் பிறந்த வீட்டு விலாசம் இருக்காது. அதற்கு முந்தைய மொய் நோட்டில் இருக்கும்.

எங்கே தேடுவது என்பதும் ஊரைப் பொறுத்தது. ராயவரம், அரிமளம், கோனாபட்டு எல்லாம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஜமீன் பகுதி. 1910-க்கு முன் மதுரை மாவட்டத்திலும், பிறகு 1985 வரை ராமநாதபுரத்திலும் தேட வேண்டும். பதிவான பாகபத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடுங்கள். பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேட மனுக் கொடுக்க வேண்டியிருக்கும். குடும்பத்தில் சொத்து வழக்கு நடந்திருந்தால் சென்னை, ரங்கூன் உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளையும் புரட்டுங்கள். வம்சாவளி அங்கே கட்டம் போட்டே அச்சாகியிருப்பதுண்டு. ஆனால் அது ஒரு தரப்பு வக்கீல் கொடுத்ததாக இருக்கலாம். மறுதரப்பு எதை மறுத்தது, நீதிபதி எதை ஏற்றார் என்பதைப் படித்த பிறகே உங்கள் நோட்டில் ஏற்றுங்கள்.