வரைஞ்சாங்க என்றுதான் சொன்னேன்

"அப்புறம் அந்த அக்கா வரைஞ்சாங்களா, அண்ணா?"

"வரைஞ்சாங்கம்மா."

நடந்தது இவ்வளவுதான். நான் சுற்றிக் காட்டிய அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இது இப்போது நினைவிருக்காது. எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

பாரிஸில் நம்மவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நான். ஓர்சே மியூசியத்தில் பெர்த் மொரிசோ என்ற பெண் ஓவியரின் ‘தொட்டில்’ ஓவியத்தின் முன்னால் நான் வழக்கமாக நிற்பது நான்கு நிமிடம். 1872இல் வரைந்தது, 1874இல் இம்ப்ரஷனிஸ்ட் என்ற புதுப்பாணி ஓவியர்களின் முதல் கண்காட்சியில் வைத்தது, யாரும் வாங்கவில்லை, குடும்பத்திலேயே கிடந்தது, 1930இல் லூவ்ர் மியூசியம் வாங்கியது. தொட்டிலருகே உட்கார்ந்திருப்பது மொரிசோவின் அக்கா எத்மா, உள்ளே தூங்குவது எத்மாவின் மகள் பிளான்ஷ். தாய்மையின் அமைதி என்று ஒரு வரி போட்டுவிட்டு பேர்பெற்ற ஓவியர் மோனேயின் படங்கள் பக்கம் நடந்துவிடுவேன். நம்மவர்களுக்கு மோனே போதும் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அன்று அந்த அம்மா நகரவில்லை. மகளின் பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து வந்தவர், அடுத்த வாரம் திரும்புகிறார். "கொசுவலை போட்டிருக்கே தம்பி, இங்கேயும் கொசு உண்டா?" என்றார். சிரித்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ பிள்ளையை ரசிக்கல. தூங்கிருச்சான்னு பாக்குறா" என்றார்.

தாய் கன்னத்தில் ஊன்றிய கை, குழந்தையும் அதே மாதிரி மடக்கி வைத்திருக்கும் கை, நமக்கும் குழந்தைக்கும் நடுவே இழுத்துவிடும் மெல்லிய துணி என்று எத்தனையோ முறை விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த முகத்தில் அசதி இருக்கலாம் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அந்த உற்சாகத்தில்தான் வாய் நீண்டது. எத்மாவும் ஓவியர்தான் என்றேன். அக்காவும் தங்கையும் ஓவியர் கொரோவிடம் சேர்ந்து படித்தவர்கள், 1864இல் பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன, 1869இல் எத்மா கடற்படை அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று சொல்லிக்கொண்டே போனபோதுதான், தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டே மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். காலையில் மெட்ரோவில், வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தாள். "இப்போதைக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு எத்மா தூரிகையை ஏறக்குறைய வைத்தேவிட்டார். மனதால் உன் ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன், கால் மணி நேரமாவது அங்கே நழுவி வந்துவிட மாட்டேனா என்ற பொருளில் தங்கைக்கு எழுதியிருக்கிறார். அதன் பிறகு அரை நூற்றாண்டு, 1921 வரை, வாழ்ந்தார். ஊர் சுற்றிப் பார்க்க வந்த கைக்குழந்தைக்காரியிடம், காசும் வாங்கிக்கொண்டு, இதைச் சொல்வதா?

சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்காகப் பொய்யா? ‘தெரியலம்மா’ என்றிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் சின்னப் பொய்.

தங்கை கதையைச் சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்குப் போகும் ரயிலில் உறைத்தது. பெர்த் 1874 கடைசியில் மனே என்ற இன்னொரு ஓவியரின் தம்பியை மணந்தார், 1878இல் மகள் ஜூலி பிறந்தாள், இருந்தும் மொத்தம் எட்டு இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சிகளில் 1879இல் நடந்த ஒன்றைத்தான் தவறவிட்டார். நல்ல பதில், பொய்யும் இல்லை. ஆனால் ஜூலிக்குப் பால் கொடுக்க ஆன்ஜெல் என்று ஒரு சம்பளக்காரப் பெண் இருந்தாள். அவள் பாலூட்டுவதையே பெர்த் ஒரு படமாகவும் வரைந்திருக்கிறார். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் விமானம் ஏறப்போகும் பாட்டியை மகள் திரும்பிப் பார்த்திருப்பாள். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது மட்டும் என்ன யோக்கியம்?

அவளுக்காகத்தான் சொன்னேன் என்று சில நாள் சமாதானமாக இருக்கும். சில நாள், மோனேவுக்கு நேரமாகிவிட்டது, வேறு காரணமே இல்லை என்று தோன்றும். மனைவியிடம் சொன்னபோது, "அந்தப் பொண்ணு போன்ல தேடிப் பாக்க மாட்டாளா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கடையில் ‘தொட்டில்’ அஞ்சலட்டை ஒன்று வாங்கினார். ஊரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறாராம். பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம் நீட்டினார். பெர்த்தின் பெயர், படத்தின் பெயர், வருஷம். படித்துக் காட்டினேன். எத்மாவைப் பற்றி அதில் எதுவும் இல்லை.