புதிய சர்வர் இயங்குதளமும் முதல் சில மாதங்களின் வழுக்களும்

சர்வர் இயங்குதளத்தின் புதிய பதிப்பை வெளியான வாரத்திலேயே நிறுவலாமா என்று கேட்டால், இந்தத் தொழிலில் பழகியவர்களில் பெரும்பாலோர் முதல் திருத்தப் பதிப்பு (அதுவரை தெரிந்த பிழைகளைச் சரிசெய்து வரும் பதிப்பு) வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள். லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான உபுண்டுவும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது: ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இயங்கும் சர்வருக்கு, அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மாறும் அழைப்பு முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே காட்டப்படுகிறது. அதன் 24.04 பதிப்பு 2024 ஏப்ரல் 25 அன்று வெளியானது, முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 ஆகஸ்ட் 29 அன்று வந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் அதை யாருமே உண்மையான பணிக்குப் பயன்படுத்தியிருக்காவிட்டால், ஆகஸ்டில் திருத்துவதற்கு என்ன கிடைத்திருக்கும்? ஆகவே, எல்லாச் சர்வர்களையும் காத்திருக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விழுந்தால் பிறர் வேலை நிற்காத சில இயந்திரங்களையாவது முதலிலிருந்தே புதிய பதிப்பில் ஓட்டி, வரும் வழுக்களை, அதாவது மென்பொருள் பிழைகளை, முறையாக எதிர்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

வெளிப்படையாக உடைந்துபோகும் வழுக்கள் எனக்கு அதிகக் கவலை தருவதில்லை. சர்வர் துவங்காவிட்டாலோ, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகும்போது நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி இணைப்பு அறுந்துவிட்டாலோ அந்த நிமிடமே தெரிந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்பிவிட்டு நிதானமாகக் காரணத்தைத் தேடலாம். அஞ்ச வேண்டியவை, எல்லாம் சரியாக இயங்குவதாகத் தோன்றும்போதே ஏதோ ஒரு பாதுகாப்பு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் விலகியிருக்கும் வகையைச் சேர்ந்தவை.

ஃபெயில்2பேன் இதற்கு நல்ல உதாரணம். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகத் தவறான கடவுச்சொற்களை விடாமல் முயன்று பார்க்கும் ஐபி முகவரிகளை லாக்குகள் எனப்படும் நிகழ்வுப் பதிவுகளிலிருந்து கண்டறிந்து, அவற்றை ஃபயர்வாலில் தடுத்து வைக்கும் சிறிய கருவி அது. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12 (இதுவும் ஒரு லினக்ஸ் இயங்குதளம்), லாக்குகளைக் கோப்புகளில் எழுதும் ஆர்சிஸ்லாக்கை இயல்பான நிறுவலில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. லாக்குகள் அனைத்தும் சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல் என்ற பதிவேட்டுக்குள் மட்டுமே சென்றன. ஃபெயில்2பேனோ தன் வழக்கப்படி நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத்.லாக் என்ற கோப்பைத் தேடியது. அது இல்லாததால் துவங்கவே மறுத்துவிட்டது. கோப்பைப் படிப்பதற்குப் பதிலாக ஜர்னலைப் படிக்கும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் டெபியன் 11இலிருந்து மேம்படுத்திய இயந்திரத்தில் பழைய ஆர்சிஸ்லாக் அப்படியே தங்கிவிடுவதால், அதில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தென்படாது. புதிதாக நிறுவிய இயந்திரத்தில்தான் கடவுச்சொல் ஊகிப்பவர்களைத் தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள். எஸ்எஸ்எச் வழக்கம்போல வேலை செய்யும், இணையதளம் திறக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, மேம்படுத்திய இயந்திரம் ஒன்றையும் புதிதாக நிறுவிய இயந்திரம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். துவங்கத் தவறிய சேவைகளைப் பட்டியலிடும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை, ஒவ்வொரு மறுதொடக்கத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்ப்பதும் அப்படித்தான்.

அதே கருவி உபுண்டு 24.04இல் முற்றிலும் வேறொரு காரணத்தால் இடறியது. ஃபெயில்2பேன் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் 3.12 பதிப்பு வெளியானபோது, நீண்ட நாட்களாகக் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்த அசிங்க்சாட் என்ற தொகுதி நீக்கப்பட்டது. அந்தப் பைத்தானோடு வந்த ஃபெயில்2பேன் 1.0.2 அதே தொகுதியை நம்பியிருந்தது. பலர் மூல ஆசிரியர்கள் வெளியிட்ட 1.1.0 பொதியை (நிறுவத் தயாராக உள்ள மென்பொருள் தொகுப்பை) நேரடியாக இறக்கி நிறுவிக்கொண்டார்கள். அன்றைய பொழுதுக்கு அது வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உபுண்டுவின் சொந்தத் திருத்தம் பின்னர் 1.0.2 வரிசையிலேயே வந்தது. கையால் நிறுவியதன் பதிப்பு எண் அதைவிடப் பெரிதாக இருப்பதால், உபுண்டுவில் பொதிகளைப் புதுப்பிக்கும் ஆப்ட் அதைத் தொடாது. அந்தப் பொதிக்கு அதிகாரபூர்வமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தச் சர்வரை எட்டாது. வழு போய்விட்டது, அதற்குச் செய்த மாற்றுவழி மட்டும் தங்கிவிட்டது. புதிய இயங்குதளத்தோடு பழகுவதில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். வழுக்களைவிட, நாம் அவசரத்தில் ஒட்டிய ஒட்டுகளே பல ஆண்டுகள் கழித்தும் தொல்லை கொடுக்கின்றன.

விண்டோஸ் பக்கத்திலும் இதே நிலைதான். விண்டோஸ் சர்வர் 2025இல் இயங்கும் டொமைன் கண்ட்ரோலர்கள் (நிறுவன நெட்வொர்க்கின் பயனர்களையும் கணினிகளையும் சரிபார்க்கும் சர்வர்கள்), மறுதொடக்கத்துக்குப் பிறகு டொமைனுக்குரிய ஃபயர்வால் விதிகளுக்குப் பதிலாகப் பொதுவான விதிகளை ஏற்றிக்கொள்கின்றன என்பதை மைக்ரோசாஃப்ட் 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினால் சரியான விதிகள் வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மறுதொடக்கத்தின்போதும் அதைத் தானாகச் செய்யும் திட்டமிட்ட பணி ஒன்றை அமைத்துக்கொள்ளும்படி நிறுவனமே பரிந்துரைத்தது. ஜூன் மாதப் புதுப்பிப்பில் வழு சரிசெய்யப்பட்டது. அந்தத் திட்டமிட்ட பணியை எத்தனை பேர் நினைவாக நீக்கியிருப்பார்கள்? காரணம் தெரியாத ஒருவர் இரண்டு ஆண்டுகள் கழித்து அதைப் பார்த்தால், நீக்கவும் அஞ்சுவார், விட்டுவைக்கவும் தயங்குவார்.

எனவே, எந்த மாற்றுவழியையும் செய்யும் அதே நேரத்தில், அமைப்புக் கோப்பிலேயே குறிப்பாக மூன்று செய்திகளை எழுதி வைக்கிறேன்: என்ன அறிகுறிக்காக இதைச் செய்தேன், அந்த வழுவின் எண் என்ன, எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு வந்தால் இதை நீக்கலாம். மூன்றாவது செய்தி இல்லாத குறிப்பு அரைக் குறிப்புதான். கெர்னலையோ வேறொரு பொதியையோ பழைய பதிப்பிலேயே ஹோல்டு செய்து வைக்கும்போது இது இன்னும் முக்கியம். ஹோல்டு என்பது குறையுள்ள புதுப்பிப்பை மட்டுமல்ல, அதற்குப் பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

காத்திருப்பவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. டெபியன் 12 வெளியாகி ஆறு மாதம் கழித்து, 2023 டிசம்பரில், 12.3 திருத்தப் பதிப்பு வரவிருந்த நேரத்தில், அதனுடன் வந்த 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கக்கூடிய வழு இருப்பது தெரியவந்தது. 12.3இன் நிறுவல் பிம்பங்கள் (நிறுவுவதற்கான கோப்புகள்) நிறுத்தி வைக்கப்பட்டன. திருத்திய கெர்னலோடு 12.4 டிசம்பர் 10 அன்று வந்தது. அதற்குள் தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகச் சில இயந்திரங்களில் அந்தக் கெர்னல் ஏறியிருந்தது. நிலைப்பதிப்பு என்ற பெயரைக் கேட்டு, எல்லாச் சர்வர்களிலும் ஒரே இரவில் கெர்னல் மாறும்படி அமைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுகிறேன். இரண்டு நாள் இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாக ஏற்றினால் போதும், பாதிப்பு முதல் தொகுதியோடு நின்றுவிடும்.

வழுவைப் புகாரளிப்பதில் நம்மில் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. இந்நேரம் வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். எழுதியிருந்தாலும், திருத்தம் வந்துசேர நம் உதவி தேவைப்படுகிறது. உபுண்டுவில் ஒரு திருத்தம் முதலில் ப்ரப்போஸ்டு என்ற சோதனைக் களஞ்சியத்துக்கு வரும். அது உண்மையாகவே சிக்கலைத் தீர்க்கிறது என்று யாராவது சோதித்து, உபுண்டுவின் வழுப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் உறுதிசெய்ய வேண்டும். அதோடு, பொதுவாகக் குறைந்தது ஏழு நாட்களாவது அந்தத் திருத்தம் களஞ்சியத்தில் கிடந்திருக்க வேண்டும். உறுதிசெய்ய ஆளில்லாமல் திருத்தங்கள் வாரக்கணக்கில் தேங்கிக் கிடப்பதுண்டு. வழுவால் அவதிப்படுகிறவரிடம்தான் அதை மீண்டும் நிகழ்த்திக் காட்டக்கூடிய இயந்திரம் இருக்கிறது. ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் பழைய பொதியோடு ஒருமுறையும் புதிய பொதியோடு ஒருமுறையும் ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் பதிப்பு எண்களோடு ஒட்டினால் போதும்; அரை மணி நேர வேலை.

தரவுத்தளம் இருக்கும் சர்வர்களை மட்டும் நான் கடைசியாகவே மாற்றுகிறேன். வலைச் சர்வர் உடைந்தால் வேறொன்றை எழுப்பிவிடலாம். சிதைந்த தரவு பல நாட்கள் கழித்தே தெரியவரும், அதற்குள் காப்பு நகல்களிலும் அது ஏறியிருக்கும். அதனால் அவற்றை முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகும் உடனே தொடுவதில்லை. மற்ற சர்வர்களில் எழுதி வைத்த மாற்றுவழிக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நீக்கி, மறுதொடக்கம் செய்து, தவறிய சேவைகளின் பட்டியல் காலியாக வருவதைப் பார்த்த பிறகே தரவுத்தளச் சர்வர்களுக்குத் தேதி குறிக்கிறேன்.